கைமரத்தின் ஈரம்: மூன்று குளிர்காலக் கணக்கு

எங்கள் வீட்டுக் கூரையைச் சரிவாகத் தாங்கும் கைமரங்களில், யார் கண்ணிலும் படாத ஆறு இடங்களில், திருகாணிகளை ஜோடி ஜோடியாகப் பதித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் மெல்லிய ஒயர் கீழே இறங்கி, மாடி அறை அலமாரிக்குள் இருக்கும் சின்னப் பெட்டிக்கு வருகிறது. மணிக்கு ஒருமுறை அந்தப் பெட்டி மரத்தின் ஈரத்தை அளந்து எழுதிக்கொள்கிறது. மூன்று குளிர்காலம் முடிந்துவிட்டது. அந்தக் கணக்கில் நான் கண்டதை ஒரு பதிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடியை அறையாக மாற்றுவதற்காகப் பழைய உள்கூரைப் பலகைகளைப் பிரித்த அன்று அப்பாவும் உடன் இருந்தார். நாற்பது வருடம் மரவேலை செய்தவர். உளியைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் ஒவ்வொரு கைமரத்தையும் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்று பதில் சொன்னது. ஒன்பதாவது கைமரத்தில் சத்தமே எழவில்லை, தலையணையில் தட்டியதுபோல அமுங்கிப்போனது. “ஏம்மா, இங்க வா. இது உள்ளுக்குள்ள போயிடுச்சு” என்றார். வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பெரிதாகப் பலம் கொடுக்காமலே மூன்று சென்டிமீட்டர் உள்ளே போய்விட்டது. விரலால் நோண்டினால் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக உதிர்ந்தது.

அப்படிக் கட்டம் கட்டமாக வெடித்து உதிர்வது பழுப்பு அழுகல் பூஞ்சைகளின் வேலை. அவை மரத்தின் செல்லுலோஸைத் தின்றுவிட்டு, மரநார்களைப் பிணைக்கும் பழுப்பான லிக்னினை மட்டும் விட்டுவைக்கும். இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மரத்தின் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைவதற்குள்ளாகவே அதன் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் காரியம் கைமீறியிருக்கும். பதினான்கு கைமரங்களில் இரண்டை முழுதாக மாற்றினோம், ஒன்றுக்கு அடிப்பகுதியை வெட்டிப் புது மரம் ஒட்டுப்போட்டோம். அந்தப் பழைய துண்டு ஒன்று இன்னமும் என் மேசைமேல் இருக்கிறது.

அப்பா அன்றைக்குக் கேட்ட கேள்வி ஒன்றுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம். “இத்தனை வருஷம் நல்லா இருந்த கூரை இப்ப ஏன் இத்துப்போச்சு?” ஓடு உடையவில்லை, மழை ஒழுகவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த ஒரே மாற்றம், குளிருக்காகக் கைமரங்களுக்கு நடுவே கம்பளி வெப்பக்காப்பைத் திணித்ததுதான். அதுவரை வீட்டின் சூடு முழுக்கக் கூரை வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அது நமக்கு நஷ்டம், ஆனால் அந்தச் சூடுதான் குளிர்காலம் முழுவதும் மரத்தைக் காயவைத்துக்கொண்டும் இருந்தது. காப்பு வைத்ததும் சூடு உள்ளே நின்றுவிட்டது. மேற்பலகையும் கைமரத்தின் மேல்விளிம்பும் வெளிக்குளிரிலேயே கிடக்கின்றன. வீட்டுக்குள்ளிருந்து ஈரக்காற்று அங்கே போய்ச் சேர்ந்தால் படிந்து நீராகிவிடும், அதைக் காயவைக்கச் சூடு கிடையாது.

ஆகவே புதிதாகக் காப்பு வைக்கும்போது எனக்கு ஒரே கவலை, இதே தப்பை இன்னும் தடிமனாகச் செய்துவிடுவோமோ என்று. எங்கள் கூரையின் அடுக்கு இப்படி இருக்கிறது: மேலே ஓடு, அதன் கீழே ரீப்பர், அதற்கும் கீழே தார்த்தாள், தார்த்தாளைத் தாங்கும் மரப்பலகை, பிறகு 200 மி.மீ. ஆழமுள்ள கைமரங்கள், அவற்றின் நடுவே அதே 200 மி.மீ. கல் கம்பளி (கல்லை உருக்கி இழையாக்கிய வெப்பக்காப்பு), அதன் உட்புறம் ஆவித்தடுப்புப் படலம், கடைசியாக ஜிப்சம் பலகை. மேற்பலகைக்கும் கம்பளிக்கும் நடுவே 50 மி.மீ. காற்றோட்ட இடைவெளி விட்டு, கீழ்விளிம்பிலிருந்து முகடு வரை காற்று ஓடவிட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கைமரத்தின் ஆழம் அதற்குப் போதவில்லை. தார்த்தாளோ நீராவியை மேலே விடாது. உள்ளே போன ஈரம் வந்த வழியே, அதாவது அறைப் பக்கமாகத்தான் திரும்பி வந்தாக வேண்டும்.

இதற்கென்றே குணம் மாறும் படலங்கள் இருக்கின்றன. பாலிஅமைடால் ஆன படலம் வறண்ட காற்றில் இறுக்கமாக இருக்கும், தன்னைச் சுற்றி ஈரப்பதம் ஏறினால் ஆவியை விடத் தொடங்கும். குளிர்காலத்தில் அறைக்காற்று வறண்டிருப்பதால் அது கதவைச் சாத்திக்கொள்ளும். கோடையில் வெயில் கூரை ஓடுகளைச் சுட்டு, பலகையிலுள்ள ஈரத்தைக் கீழ்நோக்கித் தள்ளும்போது படலத்தின் முதுகில் ஈரப்பதம் கூடும், அப்போது திறந்துகொள்ளும். நான் அதைத்தான் போட்டேன். ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே ஈரம் மிகுந்திருந்தால் படலம் தப்பான நேரத்தில் திறந்துகொள்ளும். சுவருக்குப் புதுப்பூச்சு பூசிய வீடுகளில் முதல் குளிர்காலம் ஆபத்தானது என்று சொல்வது இதனால்தான்.

காகிதக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். 1950களின் கடைசியில் ஹெல்முட் கிளாசர் என்ற ஜெர்மானியர் தந்த முறை இன்றும் ஐ.எஸ்.ஓ. 13788 என்ற சர்வதேசத் தரத்தின் அடிப்படையாக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு ஆவி கசியும், எங்கே பனிநிலை (ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) வரும் என்று மாதவாரியாகச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில் வெயில் கிடையாது, மழை கிடையாது, மரம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும் குணமும் கிடையாது. பிறகு ஹார்ட்விக் க்யூன்செல் 1994இல் முடித்த முனைவர் ஆய்விலிருந்து ஃப்ராவுன்ஹோஃபர் நிறுவனம் உருவாக்கிய ‘வூஃபி’ என்ற மென்பொருள், வெப்பத்தையும் ஈரத்தையும் மணிக்கணக்கில் ஒன்றாகப் பின்தொடர்கிறது. இரண்டுமே எனக்கு உதவின. ஆனாலும் வரைபடத்தில் இல்லாத ஓர் ஓட்டையை இரண்டாலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. ஓட்டைதான் முக்கால்வாசி ஆபத்து.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படலத்தின் வழியே ஊடுருவும் ஆவி துளித்துளியாகத்தான் போகும். காற்று ஓடினால் கதை வேறு. 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 8.6 கிராம் ஆவி இருக்கும். அதன் பனிநிலை 9 டிகிரிக்குச் சற்று மேலே. அதே காற்று 0 டிகிரியில் உள்ள பலகையைத் தொட்டால் 4.8 கிராம்தான் தாங்கும், மிச்சம் கிட்டத்தட்ட 4 கிராம் அங்கேயே படியும். ஒரு சின்ன ஓட்டை வழியாக மணிக்கு அரை கன மீட்டர் காற்று போகிறது என்று வையுங்கள். ஒரு நாளில் ஏறத்தாழ 45 கிராம். குளிர் 100 நாள் நீடித்தால் நாலரை லிட்டர். அவ்வளவும் ஒரு கைமரத்தின் ஒரு முழ நீளத்துக்குள் போய்ச் சேரலாம். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் முகட்டின் பக்கம்தான் வெளியே தள்ளும் அழுத்தம் அதிகம். தெளிந்த இரவுகளில் கூரையின் மேற்பரப்பு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் அளந்துகொண்டே இருப்பது என்று முடிவெடுத்தேன். வருடத்துக்கு ஒருமுறை ஊசிமுனை மீட்டரால் குத்திப் பார்த்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்த ஊசி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. அறைப் பக்கத்திலிருந்து குத்தினால் மரத்தின் சூடான, எப்போதும் காய்ந்திருக்கும் முகத்தைத்தான் அளக்கும். கெட்டுப்போவதோ 20 சென்டிமீட்டர் மேலே, குளிர்ந்த விளிம்பில்.

மரத்தின் ஈரத்தைச் சதவீதத்தில் சொல்லும்போது, முற்றிலும் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம். 28 முதல் 30 சதவீதம் வரை நீர் மரநாரின் சுவருக்குள்ளேயே ஒட்டியிருக்கும், அதைத் தாண்டினால்தான் குழல்களுக்குள் தண்ணீராக நிற்கும். அழுகல் பூஞ்சை முளைக்க அந்த எல்லையை ஒட்டிய ஈரம் தேவை. 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பத்திரம் என்று எல்லோரும் சொல்வது, இடையில் ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டுச் சொல்லும் அளவு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நிலைத்திருந்தால் மரம் 12இல் வந்து நிற்கும், 80 என்றால் 16, 90 என்றால் 20ஐத் தொடும்.

ஈரம் ஏற ஏற மரத்தின் மின்தடை தலைகுப்புற விழுகிறது. டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்தில் 10 சதவீதத்தில் 600 மெகாஓமுக்கு மேல் இருக்கும் தடை, 20 சதவீதத்தில் இரண்டு மெகாஓம் அளவுக்கு வந்துவிடும். இந்த வீழ்ச்சியைத்தான் அளக்கிறேன். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் இரண்டு, 25 மி.மீ. இடைவெளியில். நுனி மட்டும் மரத்தைத் தொடும்படி தண்டுப்பகுதிக்குச் சூட்டில் சுருங்கும் உறை போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் வழியிலுள்ள எல்லா ஆழத்தையும் சேர்த்து அளந்துவிடும். இஎஸ்பி32 என்ற சின்ன மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று குறைந்த நேரம் மட்டும் மின்னழுத்தம் கொடுத்து, அடுத்தமுறை திசையை மாற்றிக் கொடுத்து அளக்கிறது. ஒரே திசையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் திருகாணியைச் சுற்றி உப்புகள் நகர்ந்து அளவு மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். 12 சதவீதத்துக்குக் கீழே என் சுற்று சொல்வதை நம்ப முடியாது, தடை அவ்வளவு அதிகம். எனக்கு வேண்டியதோ 15க்கும் 25க்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது, அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஒவ்வொரு இடத்திலும் திருகாணியின் பக்கத்திலேயே எஸ்எச்டி31 சென்சார் ஒன்று, காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்க. இது 80 சதவீதத்துக்கு மேலான ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் தற்காலிகமாக அளவு மேலே சறுக்கும். அதனால் தனியே இதன் பேச்சை மட்டும் கேட்பதில்லை. மரமும் காற்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பேன்.

மின்தடையைச் சதவீதமாக மாற்றும் அட்டவணைகள் மரத்தின் இனத்துக்கு இனம் மாறும். அழுகாமலிருக்கச் செம்பு உப்பு ஏற்றிய மரமாக இருந்தால் உள்ளதைவிட அதிக ஈரம் காட்டும். என் கைமரத்துக்கு நானே அட்டவணை போட்டுக்கொண்டேன். வெட்டிப்போட்ட துண்டுகளில் அதே மாதிரி திருகாணி பதித்து, மூடியுள்ள டப்பாக்களில் வைத்தேன். ஒரு டப்பாவில் சமையல் உப்பு கரைந்தும் கரையாமலும் சேறாக இருக்கும். அதன் மேலே உள்ள காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும், மரம் 14இல் வந்து நிலைக்கும். இன்னொன்றில் பொட்டாசியம் குளோரைடு, அங்கே 85 சதவீதம், மரம் 18ஐ ஒட்டி. மரம் அசையாமல் நிலைகொள்ள வாரக்கணக்கில் ஆனது. பிறகு ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு, அடுப்பில் 103 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடை போட்டேன். ஒரு துண்டு 58.6 கிராமிலிருந்து 50.2 கிராமுக்கு இறங்கியது. 8.4ஐ 50.2ஆல் வகுத்தால் 16.7 சதவீதம். கையெழுத்தில் எழுதிய அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். “நாங்க இத கைய வச்சுப் பாத்துச் சொல்லுவோம். நீ இப்படிச் சொல்ற. ரெண்டும் ஒண்ணா வருதான்னு பாப்போம்” என்றார். அடுத்த டப்பாவைத் திறந்தபோது கட்டையை உள்ளங்கையில் வைத்து, “இது இழைக்கலாம், ஆனா ஒட்டுப்போடக் கூடாது” என்றார். அதன் அளவு 18.

ஒயர்களைக் கீழே கொண்டுவருவதுதான் நான் மிகவும் கவலைப்பட்ட இடம். பேட்டரியோடு மேலேயே எல்லாவற்றையும் வைத்து மூடிவிட்டால் பிறகு பேட்டரி மாற்ற வழியில்லை. ஒயரைக் கொண்டுவந்தால் படலத்தில் துளை போட்டாக வேண்டும். ஈரத்தைக் காவல் காக்க வைக்கும் கருவியே ஈரத்துக்கு வழி திறந்துவிடக் கூடாதல்லவா! தட்டையான பட்டை ஒயராக வாங்கி, ஆறையும் ஒரே இடத்தில் இறக்கி, இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டியால் அடைத்தேன். உறைக்குள் பல இழைகள் உள்ள ஒயர் என்றால் உறைக்கும் இழைகளுக்கும் நடுவே காற்று ஓடும், வெளியே ஒட்டியும் பயனில்லை. இதை அப்போதே யோசித்தேன். வீட்டின் வேறோர் இடத்தில் இதே தப்பு இதைவிடப் பெரிதாக ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது.

அளக்கும் இடங்கள்: வெயில் படாத சரிவில் முகட்டுக்குக் கீழே ஒன்று, அதே சரிவின் கீழ்விளிம்பில் இரண்டு. வெயில் சரிவில் அதேபோல மூன்றும் நான்கும். ஐந்தாவது கூரைச் சன்னலின் கீழ்மூலையில், ஏனென்றால் மழை நுழைந்தால் அங்கேதான் தேங்கும். ஆறாவது குளியலறைக்கு நேர்மேலே. எல்லாத் திருகாணிகளும் கைமரத்தின் குளிர்ந்த மேல்விளிம்பில், பலகையை ஒட்டி.

முதல் குளிர்காலம் ஆறும் 14க்கும் 15க்கும் நடுவே அழகாக நின்றன. வீட்டில் எல்லோரிடமும் காட்டிச் சந்தோஷப்பட்டேன். குளிர் பாதி கடந்தபிறகுதான் மனதில் உறுத்தியது. என் அட்டவணை முழுக்க அறை வெப்பத்தில், 20 டிகிரியில் போட்டது. கைமரத்தின் மேல்விளிம்போ 0 டிகிரியில். குளிர்ந்த மரத்தின் மின்தடை கூடும், அதனால் இருப்பதைவிடக் காய்ந்ததாகக் காட்டும். 10 டிகிரி இறங்கினால் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். துண்டுகளைக் குளிர்பெட்டியில் வைத்துத் திரும்ப அளந்து, திருத்தம் போட்டேன். 14.5 என்று நின்றவை 17 ஆயின. பயப்படும் அளவல்ல. ஆனால் எந்த நேரத்தில் மரம் மிகவும் ஈரமாக இருக்குமோ அதே நேரத்தில்தான் திருத்தாத கருவி மிகவும் நல்ல செய்தி சொல்லும். இதைச் செய்ய நினைப்பவர்கள் யாராக இருந்தாலும் திருகாணிக்குப் பக்கத்திலேயே வெப்பத்தையும் அளந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அந்தக் கோடையில் ஆறும் 11, 12 என்று இறங்கின. அதாவது கருவி நம்பத்தக்க எல்லைக்கும் கீழே. படலம் தன் வேலையைச் செய்தது.

இரண்டாவது குளிர்காலம் தொடங்கி ஐந்தாவது வாரத்தில் முதல் இடம் மட்டும் தனியே ஏறத் தொடங்கியது. மற்றவை 15, 16இல் இருக்க, அது 18, 19, பிறகு 20. ஒரு நாளைக்கு 0.1, சில நாள் 0.2. எட்டாவது வாரம் 21.5. இரவில் எழுந்துபோய்ப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். “மழ பேஞ்சா ஏறுதா, பனி விழுந்தா ஏறுதா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பழைய பதிவுகளை எடுத்து வானிலையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓட்டில் ஒழுக்கு இருந்தால் மழைக்குப் பிறகு சட்டென்று ஏறி மெல்ல இறங்கும். இங்கே நான்கு நாள் விடாமல் மழை பெய்த வாரத்தில் அது அசையவே இல்லை. தெளிந்த, கடுங்குளிர் இரவுகளில் மட்டும் ஏறியிருந்தது. ஆகவே வெளித்தண்ணீர் இல்லை, வீட்டின் மூச்சு.

அடுத்ததாக, காற்றுச் சென்சாரின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கொண்டு ஒரு கன மீட்டரில் எத்தனை கிராம் ஆவி என்று மாற்றினேன். இந்த மாற்றம் ரொம்ப முக்கியம். ஈரப்பதச் சதவீதம் குளிர்ந்தாலே ஏறும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கிராம் கணக்கு ஏறினால் புதிதாக ஆவி வந்திருக்கிறது என்று அர்த்தம். வெயில் நேரத்தில் மரமே ஆவியை வெளியே விடும் என்பதால் சூரியன் மறைந்த பிறகுள்ள மணிகளை மட்டும் எடுத்தேன். தினமும் இரவு எட்டு மணியை ஒட்டி, முதல் இடத்தில் ஆவி கூடியது. எங்கள் வீட்டில் நான்கு பேரும் வரிசையாகக் குளிக்கும் நேரம். குளியலறைக்கு நேர்மேலே உள்ள ஆறாவது இடத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆவி படலத்தின் வழியே ஊடுருவி வருவதென்றால் அரை மணி நேரத்துக்குள் வந்து சேராது. காற்று எங்கோ நேராகப் போகிறது.

ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு மாடி அறை முழுக்கச் சுற்றினேன். வெளியே குளிர் கடுமையாக இருந்த இரவு, உள்ளிருந்து மேலே தள்ளும் அழுத்தம் அதிகமாக இருக்கும் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். படலத்தின் இணைப்புகள், சன்னல் ஓரம், ஒயர் இறங்கும் இடம், எல்லா இடத்திலும் புகை நேராக எழுந்தது. குளியலறைக்கு வெளியே நடைவழியில், சுவரிலுள்ள சுவிட்ச் பெட்டியின் பக்கம் கொண்டுபோனபோது புகை வளைந்து, பெட்டியின் விளிம்புக்குள் உறிஞ்சப்பட்டு மறைந்தது. மூடியைக் கழற்றினேன். 20 மி.மீ. குழாய் ஒன்று உள்ளே தொடங்கி, சுவருக்குள் ஏறி, முகட்டு விளக்குக்காகப் படலத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது. குழாயின் வெளிப்பக்கத்தைச் சுற்றி ஒட்டுப்பட்டி அருமையாக ஒட்டியிருந்தது. குழாயின் உள்பக்கம் திறந்தே கிடந்தது. அதனுள்ளே மூன்று ஒயர்கள் போக மிச்ச இடமெல்லாம் காற்றுக்கான புகைபோக்கி. கோடையில் விளக்கு மாட்டிக்கொடுத்தவர் வேலையில் வேறு குறை சொல்ல முடியாது. குழாய்க்குள்ளும் காற்று போகும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. கூரை வேலையில் தச்சர், மின்வேலைக்காரர், பூச்சுக்காரர் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து போகிறார்கள். படலம் யாருடைய பொறுப்பு என்று யாருக்கும் தெரிவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

குழாயின் இரண்டு முனைகளையும் காய்ந்து இறுகாத அடைப்புக் களிம்பால் ஒயர்களுக்கு நடுவே அழுத்தி அடைத்தேன். வேலை பத்து நிமிடம். முதல் இடத்தின் அளவு அன்று 22.8.

அடைத்த மறுநாளே எட்டு மணி ஏற்றம் நின்றுவிட்டது. மரம் மட்டும் இறங்கவில்லை. ஒரு மாதம் 22இலேயே நின்றது. வெளியே குளிர், தார்த்தாள் மேலே மூடியிருக்கிறது, மரம் எங்கே காயும்? பலகையைப் பிரித்துப் பார்த்துவிடலாமா என்று இரண்டு முறை சுத்தியலைக் கையில் எடுத்தேன். அப்போது என்னைத் தடுத்தது வெப்பக் கணக்கு. பூஞ்சைக்கு ஈரம் மட்டும் போதாது, சூடும் வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே அது கிட்டத்தட்டத் தூங்குகிறது, 20க்கும் 30க்கும் நடுவேதான் நன்றாக வளரும். நடுக்குளிரில் 22 சதவீதம் என்பது உறங்கும் ஆபத்து. குளிர் விட்டபிறகு, மரம் 10, 15 டிகிரிக்குச் சூடாகியும் ஈரம் இறங்காமல் இருந்தால், அந்த வாரங்கள்தான் மரத்தைத் தின்னும். நான் அதுவரை குளிர்காலத்து உச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வேறொரு கணக்கு எழுதத் தொடங்கினேன்: ஈரம் 20க்கு மேலும் வெப்பம் 5 டிகிரிக்கு மேலும் ஒரே நேரத்தில் இருந்த மணிகள் எத்தனை. அளவு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் சத்தம் போடும் நிரல் முன்பே இருந்தது. அதை எடுத்துவிட்டு, இந்த மணிகளைக் கூட்டிக்கொண்டே போகும் நிரலை வைத்தேன்.

வெயில் திரும்பியதும் ஆரம்பித்தது இறக்கம். நிழல் சரிவு என்பதால் எதிர்ச் சரிவைவிட மூன்று வாரம் தாமதம். 22, 21, பிறகு ஒரு வாரத்துக்கு ஒன்று என்று. 20ஐத் தாண்டிக் கீழே வந்த நாளில் என் மணிக்கணக்கு 190ஐத் தொட்டிருந்தது, அதாவது எட்டு நாளுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் பெரும்பாலும் 6, 7 டிகிரியில். நடுக்கோடையில் 13. அப்பா வந்தபோது அந்த இடத்துக்கு நேர்கீழே ஜிப்சம் பலகையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துளை போட்டு, படலத்தை வெட்டி, கம்பளியை விலக்கிக் காட்டினேன். பலகையின் அடிப்பக்கம் லேசாகக் கறுத்திருந்தது, மேலாக ஓடிய பூசணம். மேற்பரப்பில் 80 சதவீத ஈரப்பதம் வாரக்கணக்கில் நின்றாலே பூசணம் வந்துவிடும், அது அழுகல் அல்ல. உளியின் நுனியால் அப்பா கீறிப் பார்த்தார். நீளமான, சுத்தமான சிராய் எழும்பியது. உளுத்த மரத்தில் சிராய் எழாது, பொடியாக முறியும். பிறகு உளியைத் திருப்பித் தட்டினார். கணீரென்றது. “இருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னார். துளையை மூடி, படலத்துக்கு மேல் பெரிய ஒட்டு ஒட்டினேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் முதல் இடத்தின் உச்சம் 17.2. சூடும் ஈரமும் சேர்ந்த மணிகள் பூஜ்யம். மற்ற ஐந்தும் 16ஐத் தாண்டவில்லை. இப்போது என் கண் ஐந்தாவது இடத்தில், கூரைச் சன்னலின் மூலையில். அது உச்சத்தில் அழகாகத்தான் இருந்தது, 15.8. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் அது இறங்கி நிற்கும் தரை சற்றே உயர்கிறது: அடுத்தடுத்த கோடைகளில் 12.1, 12.6, இப்போது 13.3. என் சுற்று ஓரளவே நம்பத்தக்க எல்லை அது, சென்சாரின் சறுக்கலாகவும் இருக்கலாம். பக்கத்து ஈரப்பதச் சென்சாரைக் கழற்றி உப்பு டப்பாவில் வைத்து 75 காட்டுகிறதா என்று சோதித்தேன், 76 காட்டியது. சன்னலின் கீழ்த்தகட்டைச் சுற்றியுள்ள ஓடுகளை வரும் வாரம் கழற்றிப் பார்க்கப்போகிறோம். அப்பா ஏணி ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கீழே நின்று பார்ப்பதாகச் சொல்கிறார், உளியை மட்டும் கையோடு கொண்டுவருவாராம்.